அம்புக்குறி ஒரு பக்கம், இலத்திரன் மறுபக்கம்: மின்னோட்டத்தின் திசை உண்மையில் எது?

தலவாக்கலை வாசகி:

வணக்கம். என் தம்பி அடுத்த ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறான். நான் கலைப்பிரிவில் படித்தவள் என்றாலும், மாலையில் அவனுடைய விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவனோடு உட்காருவது என் பொறுப்பாகிவிட்டது. கடந்த வாரம் பெருங்காற்றில் மரம் முறிந்து விழுந்து எங்கள் லயத்துக்கு இரண்டு நாட்கள் மின்சாரம் இல்லாமற் போனது. அப்போது டோர்ச் லைட்டுக்குப் பற்றரி மாற்றிக்கொண்டே அவன் கேட்ட கேள்விக்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை.

அணுவைப் பற்றிய பாடத்தில், கருவுக்குள் நேரேற்றம் கொண்ட புரோத்தன்களும் ஏற்றமற்ற நியூத்திரன்களும் இருக்கின்றன என்றும், கருவைச் சூழ்ந்து மறையேற்றம் கொண்ட இலத்திரன்கள் இருக்கின்றன என்றும், உலோகக் கம்பியில் ஓடுவது இலத்திரன் மட்டுமே என்றும் அவன் படித்திருக்கிறான். மின்னியல் பாடத்துக்கு வந்தால், பற்றரியின் நேர்முனையில் புறப்பட்டு மின்குமிழ் வழியாக மறைமுனைக்குப் போவதாக அம்புக்குறி வரையப்பட்டிருக்கிறது. இலத்திரனோ மறைமுனையில் புறப்பட்டு நேர்முனைக்கு அல்லவா போக வேண்டும்? "ஒரு பாடம் சொல்வதை அடுத்த பாடம் மறுக்கிறதே, அக்கா" என்கிறான்.

வகுப்பில் கேட்டதற்கு, பரீட்சையில் நேரிலிருந்து மறைக்கு என்று வரைந்தால் போதும் என்ற பதில்தான் கிடைத்ததாம். வீடுகளுக்கு வயரிங் செய்யும் எங்கள் மாமாவோ, புத்தகக்காரர்கள் ஆரம்பத்திலேயே தவறு செய்துவிட்டு இன்றுவரை திருத்தாமல் வைத்திருக்கிறார்கள் என்கிறார். இலத்திரனுக்கு மறையேற்றம் என்று முடிவு செய்தவர் யார், அம்புக்குறியைத் திருப்பிப் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று தெரிந்தவர்கள் சற்று விரிவாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய கரும்பலகை (பண்டாரவளை):

பிள்ளை, உங்கள் தம்பி கேட்டது நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைக் கேட்காமலே பரீட்சையில் சித்தியடைந்துவிடுகிற மாணவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முதலில் வரலாறு, ஏனெனில் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 1733இல் பிரான்சில் து ஃபே என்பவர், தேய்த்த கண்ணாடியில் தோன்றும் மின்னும் தேய்த்த பிசினில் தோன்றும் மின்னும் இரு வேறு வகையானவை என்று கண்டார். 1747இல் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின், இரண்டு வகை தேவையில்லை, ஒரே பாய்மம்தான் இருக்கிறது, அது மிகுந்திருந்தால் நேர், குறைந்திருந்தால் மறை என்று சொன்னார். பட்டுத்துணியால் தேய்த்த கண்ணாடியில் அந்தப் பாய்மம் மிகுந்திருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். அதைச் சோதித்துப் பார்க்க அந்தக் காலத்தில் எந்த வழியும் இல்லை. எதிர்ப்பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தாலும் அவருடைய கணக்குகள் அனைத்தும் அப்படியே பொருந்தியிருக்கும். 1820களில் அம்பியர் மின்னோட்டத்தைப் பற்றி ஆராய்ந்தபோது, நேரேற்றம் போகும் திசையே ஓட்டத்தின் திசை என்று வைத்துக்கொண்டார். புத்தகத்து அம்புக்குறி அவர் காலத்து வழக்கம்தான்.

கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தது 1897இல், அதாவது பிராங்கிளின் பெயரிட்டு நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பிறகு. தேய்க்கும்போது கண்ணாடியை விட்டுப் பட்டுக்குப் போவது இந்த இலத்திரன்தான். கண்ணாடிக்குக் கிடைப்பதாக பிராங்கிளின் எண்ணியது உண்மையில் கண்ணாடி இழப்பதாக அமைந்துவிட்டது. எனவே கண்ணாடிக்கு 'நேர்' என்ற பெயர் நிலைத்திருந்த உலகில், இலத்திரனுக்கு 'மறை' என்ற பெயரே மிஞ்சியது. மறை என்ற சொல்லில் குறைவோ இழிவோ எதுவும் இல்லை. புரோத்தனின் ஏற்றமும் இலத்திரனின் ஏற்றமும் அளவில் ஒன்றே, 1.602 × 10⁻¹⁹ கூலோம். ஒன்றையொன்று முழுமையாக அழித்துக்கொள்வதால்தான் மேசையும் மலையும் மனிதரும் ஏற்றமற்றவர்களாக இருக்கிறோம். அந்தச் சமநிலையில் மிக நுண்ணிய பிசகு இருந்திருந்தாலும் பொருள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறியிருக்கும்.

இனி உங்கள் தம்பியின் கேள்விக்கு வருவோம். தோட்டத்துக் கடையில் பற்றுக் கொப்பி வைத்திருந்த காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். என் பெயரில் 500 ரூபாய் கடன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 ரூபாயை என் அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். கடன் என்னிடமிருந்து அண்ணனுக்குப் போனது. மாறாக, அண்ணன் 100 ரூபாயை என்னிடம் தந்து, நான் அதைக் கடையில் கட்டியிருந்தால், பணம் அண்ணனிடமிருந்து எனக்கு வந்திருக்கும். இரண்டிலும் என் நிலைமை 100 ரூபாய் உயர்ந்தது, அவருடைய நிலைமை 100 ரூபாய் தாழ்ந்தது. வலப்பக்கம் போகும் மறையேற்றமும் இடப்பக்கம் போகும் நேரேற்றமும் இதே உறவில்தான் நிற்கின்றன. மின்னோட்டம் என்பது ஒரு செக்கனில் ஓரிடத்தைக் கடக்கும் நிகர ஏற்றத்தின் அளவு. எந்தத் துணிக்கை ஓடியது என்று அம்புக்குறி சொல்ல வருவதே இல்லை. ஆகவே இரு பாடங்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்று துணிக்கையைச் சொல்கிறது, மற்றது கணக்கைச் சொல்கிறது.

ஸ்டோர்க்காரன் (மஸ்கெலியா):

ஆசிரியர் ஐயாவின் பற்றுக் கொப்பி உதாரணத்தைப் படித்துவிட்டு என் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நான் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் வழக்கில் சொன்னால் ஸ்டோரில், பதினெட்டு ஆண்டுகளாக மின்வேலை பார்க்கிறேன். ஆசிரியர் சொன்ன தேய்ப்பு விளையாட்டை எங்கள் ஸ்டோரில் நாள்தோறும் காணலாம் என்பதால் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

உலர்ந்த தேயிலையிலிருந்து நாரையும் குச்சியையும் பிரித்தெடுக்கும் பொறியில் பி.வி.சி. உருளைகள் வரிசையாகச் சுழலும். ஒவ்வோர் உருளையின் மீதும் ஒரு கம்பளிப் பட்டை உராய்ந்துகொண்டே இருக்கும். உராய்வில் கம்பளியிலிருந்து இலத்திரன்கள் பி.வி.சி.க்கு ஏறிக்கொள்வதால் உருளை மறையேற்றம் பெறுகிறது. கீழே தட்டில் பரவி வரும் தேயிலையில் நாரும் குச்சியும் எடை குறைந்தவை, ஈரமும் சற்றுக் கூடுதலாகக் கொண்டவை. அவற்றுக்குச் சொந்தமாக எந்த ஏற்றமும் இல்லை. ஆனாலும் உருளை அருகில் வந்ததும் அவற்றிலுள்ள மறையேற்றம் விலகி, நேரேற்றப் பக்கம் உருளையை நோக்கித் திரும்ப, அவை எழும்பி ஒட்டிக்கொள்கின்றன. மழை நாட்களில், மூடுபனி ஸ்டோருக்குள் புகுந்துவிட்டால், உருளை சரியாக வேலை செய்யாது. ஈரக் காற்றில் ஏற்றம் கசிந்துபோய்விடும். ஏற்றம் என்பது கண்ணுக்குத் தெரியாத கற்பனை என்று யாராவது சொன்னால் அவரை மார்கழி மாதத்தில் எங்கள் ஸ்டோருக்கு அழைத்துவர வேண்டும்.

அடுத்தது, "உலோகக் கம்பியில் ஓடுவது இலத்திரன் மட்டுமே" என்று தம்பி படித்தது முற்றிலும் சரி. ஆனால் சுற்று முழுவதும் கம்பியால் ஆனதல்லவே. ஸ்டோரில் ஜெனரேற்றரை இயக்குவதற்கு இருக்கும் ஈய அமில பற்றரியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கம்பியில் இலத்திரன் ஓடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், உள்ளே அமிலத்தில் இலத்திரன் தனியாக நீந்துவதில்லை. அங்கே ஓடுபவை அயன்கள், அதாவது ஏற்றம் பெற்ற அணுக்களும் அணுக்கூட்டங்களும்: ஐதரசன் அயன் நேர்த்தட்டை நோக்கியும், சல்பேற்று வகை அயன்கள் மறைத்தட்டை நோக்கியும் போகின்றன. ஐதரசன் அணுவிலிருந்து அதன் ஒரே இலத்திரனை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு புரோத்தன். அது அமிலத்தில் நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிச் செல்கிறது. புரோத்தன் கருவை விட்டு நகராது என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஒரே சுற்றில் ஓரிடத்தில் மறைத் துணிக்கை ஒரு பக்கமும், இன்னோரிடத்தில் நேர்த் துணிக்கை மறுபக்கமும், இரண்டும் சேர்ந்தும் ஓடும்போது, துணிக்கையைப் பார்த்து அம்பு வரைவதென்றால் எத்தனை அம்புகள் வரைவது? நேரேற்றத்தின் திசை என்று ஒரே அம்பை வைத்துக்கொண்டால் சுற்று முழுவதையும் ஒரே கோட்டில் சுற்றி வந்துவிடலாம்.

மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் இருவாயியின் (டயோட்) குறியீட்டிலுள்ள முக்கோணமும் திரான்சிற்றரின் அம்பும் இதே மரபுத் திசையைக் காட்டுபவைதான். வயரிங் செய்யும் மாமாவிடம் அன்போடு இதையும் சொல்லிவிடுங்கள்.

பேராதனை மழை:

இரண்டு பதில்களும் அருமை. ஆனால் ஓரிடத்தில் நான் சற்று மாறுபடுகிறேன். அம்புக்குறி பிழையில்லை என்பதை ஏற்றுக்கொண்டாலும், அது துரதிர்ஷ்டமான தெரிவு என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் அன்றாடம் கையாளும் கடத்திகளில் பெரும்பாலானவை உலோகம். அவற்றில் ஓடுபவை இலத்திரன்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் மின்னியல் பயிற்சி நூல்கள் இலத்திரன் ஓடும் திசையையே ஓட்டத்தின் திசையாகக் கொண்டு கற்பித்தன. அவர்களுடைய கருவிகள் அதனால் பழுதாகிவிடவில்லை. ஆகவே திருப்பிப் போட்டால் எதுவும் கெடாது என்பதே நேர்மையான பதில், விதிகளிலும் குறியீடுகளிலும் எல்லோரும் ஒரே நாளில் திருப்ப வேண்டும் என்ற ஒரு சிரமத்தைத் தவிர.

இதைவிட எனக்குச் சுவையாகப் படுவது வேறொரு கேள்வி. டோர்ச் லைட், திசைகாட்டி, அம்பியர்மானி ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, கம்பிக்குள் ஓடுவது நேரா மறையா என்று தம்பியால் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. மின்குமிழ் இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சூடாகும், திசைகாட்டி ஊசி இரண்டுக்கும் ஒரே பக்கம் திரும்பும். வேறுபாட்டை முதலில் காட்டியவர் எட்வின் ஹோல். 1879இல், இலத்திரன் கண்டறியப்படுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை வைத்தார். ஓடும் ஏற்றம் எந்த வகையாயினும் காந்தம் அதைத் தகட்டின் ஒரே ஓரத்துக்குத் தள்ளும்; அந்த ஓரம் நேராகிறதா மறையாகிறதா என்பதைக் கொண்டு, ஓடுவது எது என்று அறியலாம். செம்பில் மறை என்று வரும். ஆனால் நாகத்தில் நேர் என்று வருகிறது! நாகத்தில் புரோத்தன்கள் ஓடுகின்றன என்று இதற்குப் பொருளில்லை. பளிங்குக்குள் இலத்திரன்கள் கூட்டமாக நடந்துகொள்ளும் விதம், வெற்றிடமாகிய துளை ஒன்று நேரேற்றத்தோடு ஓடுவதைப் போன்ற விளைவைத் தருகிறது. சிலிக்கனில் சிறிது போரனைக் கலந்து செய்யும் குறைகடத்தியிலும் இந்தத் துளையே ஓட்டத்தைச் சுமக்கிறது.

1916இல் தொல்மனும் ஸ்ருவேட்டும் செய்த சோதனை இன்னும் நேரடியானது. வேகமாகச் சுழலும் கம்பிச் சுருளைத் திடீரென நிறுத்தினார்கள். பிரேக் பிடித்த பஸ்ஸில் நிற்பவர்கள் முன்னே சாய்வதைப் போலக் கம்பிக்குள்ளிருந்த துணிக்கைகள் ஓடிக்கொண்டே இருக்க, சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கல்வனோமானியின் ஊசி ஒரு கணம் அசைந்தது. அது அசைந்த பக்கம், ஓடியவை மறையேற்றம் கொண்டவை என்று காட்டியது. ஹட்டன் பாதையின் வளைவுகளில் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பழைய கரும்பலகை (பண்டாரவளை):

பேராதனைத் தம்பி சொன்ன "துரதிர்ஷ்டமான தெரிவு" என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருப்பிப் போட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பற்றரியின் அமிலத்துக்கு வந்ததும் அதே குழப்பம் மறுபக்கமாக எழும். சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் நிலத்துக்கடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள துணிக்கை மோதுகருவியில் புரோத்தன் கற்றைகளே சுற்றி வருகின்றன. ஒரு கற்றை ஏறத்தாழ அரை அம்பியர் மின்னோட்டத்துக்குச் சமம். அங்கே பணியாற்றுபவர்களிடம் அம்பைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். அந்தப் புரோத்தனுக்குள்ளும் 1964இல் முன்மொழியப்பட்ட குவார்க்குகள் இருக்கின்றன: மேல் வகை இரண்டு, ஒவ்வொன்றும் +2/3, கீழ் வகை ஒன்று, −1/3, கூட்டினால் +1. நியூத்திரனில் மேல் ஒன்றும் கீழ் இரண்டும் இருப்பதால் கூட்டுத்தொகை பூச்சியம். இது சாதாரண தரத்துக்குத் தேவையில்லை, பையன் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

தலவாக்கலை வாசகி:

அனைவருக்கும் நன்றி. பற்றுக் கொப்பி உதாரணத்தைக் கேட்டதும் தம்பி சிரித்துவிட்டு, "அப்படியானால் இலத்திரன் கடனைச் சுமந்து ஓடுகிறது" என்றான். ஆனால் உடனே அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. கம்பியில் இலத்திரன் மிக மெதுவாகத்தான் நகர்கிறது என்று எங்கோ வாசித்திருக்கிறானாம். ஆளியைப் போட்டவுடன் மின்குமிழ் எரிகிறதே, அது எப்படி? எங்கள் வீட்டுக்கு வரும் இலத்திரன் லக்சபான நீர்மின் நிலையத்தில் புறப்பட்டு இங்கே வந்து சேர எவ்வளவு காலமாகும் என்றும் கேட்கிறான்.

பழைய கரும்பலகை (பண்டாரவளை):

கணக்காகவே போட்டுக் காட்டுங்கள், பிள்ளை. ஒரு கன மீற்றர் செம்பில் ஓடக்கூடிய இலத்திரன்கள் 8.5 × 10²⁸ இருக்கின்றன. குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீற்றர் உள்ள கம்பியில் 1 அம்பியர் ஓடினால், ஒரு செக்கனில் ஓரிடத்தைக் கடக்கும் இலத்திரன்கள் 6.24 × 10¹⁸, அதாவது சுமார் 62,400 கோடி கோடி. இவ்வளவு பெரிய கூட்டம் கடப்பதற்கு ஒவ்வோர் இலத்திரனும் ஓட வேண்டியதே இல்லை, செக்கனுக்கு 0.07 மில்லிமீற்றர் நகர்ந்தால் போதும். ஒரு மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 மணி 47 நிமிடங்கள் ஆகும். அட்டை கூட அதைவிட வேகமாக ஊர்ந்து காலில் ஏறிவிடும்.

மின்குமிழ் உடனே எரிவதற்குக் காரணம் பீலியில் இருக்கிறது. மேலே மலையில் ஊற்றிலிருந்து குழாய் முழுவதும் நீர் நிறைந்திருந்தால், அடைப்பை எடுத்த கணமே பீலியில் நீர் கொட்டும். அந்த நீர் ஊற்றிலிருந்து அப்போது புறப்பட்டு வந்த நீர் இல்லை. கம்பியும் அப்படியே இலத்திரன்களால் ஏற்கனவே நிறைந்திருக்கிறது. ஆளியைப் போட்டதும் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் கம்பி வழியே பரவ, எல்லா இடத்து இலத்திரன்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன. ஆனால் இந்த உவமையை ஓரளவுக்கு மேல் இழுக்க வேண்டாம்: குழாயை வெட்டினால் நீர் வெளியே கொட்டும், கம்பியை வெட்டினால் இலத்திரன் கொட்டுவதில்லை.

ஸ்டோர்க்காரன் (மஸ்கெலியா):

லக்சபானக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும், அது எங்கள் பக்கத்து நிலையம். விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். பழைய லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். அங்கே புறப்பட்ட எந்த இலத்திரனும் உங்கள் லயத்துக்கு வந்து சேர்வதில்லை, எவ்வளவு காலம் காத்திருந்தாலும் வராது.

வீட்டுக்கு வருவது ஆடலோட்டம், 50 ஹேர்ட்ஸ். இலத்திரன் ஒரு பக்கம் நகரத் தொடங்குவதற்குள் மறுபக்கம் இழுக்கப்படுகிறது. செக்கனுக்கு ஐம்பது முறை போய்த் திரும்புகிறது. ஆசிரியர் சொன்ன அதே கம்பியில் அதே 1 அம்பியருக்கு அது ஊசலாடும் தூரம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட எட்டாது. மேலும், வழியில் நிலைமாற்றிகள் இருக்கின்றன. அவற்றின் இரு சுருள்களும் கம்பியால் இணைக்கப்படவில்லை. காந்தப்புலத்தின் வழியே சக்தி மட்டும் தாண்டுகிறது, இலத்திரன் தாண்டுவதில்லை. உங்கள் மின்குமிழுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் இலத்திரன்கள், மின்குமிழையும் வயரையும் கடையில் வாங்கியபோதே கூட வந்தவைதான்.

தம்பிக்கு ஒரு சிறு சோதனை சொல்கிறேன், ஓடும் ஏற்றத்தைக் கண்ணாலேயே காணலாம். வடிதாள் கீற்றொன்றைக் குழாய் நீரில் நனைத்துக் கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். நடுவில் பொற்றாசியம் பரமங்கனேற்றின் ஒரே ஒரு பளிங்கை வைத்து, 9 வோல்ற்றுப் பற்றரிகள் மூன்றைத் தொடராக இணைத்து இரு ஓரங்களிலும் கிளிப் மாட்டுங்கள். பொட்டு வைத்த அளவுக்கு மேல் பளிங்கு வேண்டாம். கையில் பட்டால் கறை போக நாட்களாகும். வீட்டு மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.

தலவாக்கலை வாசகி:

நேற்று செய்து பார்த்தோம். முதல் முறை தாள் காய்ந்துபோய் எதுவும் நடக்கவில்லை. இரண்டாம் முறை தாளின் மேல் இன்னொரு கண்ணாடித் துண்டை வைத்து மூடினோம். இருபது நிமிடங்களில் ஊதா நிறம் வால் போல நீண்டு நேர்முனைப் பக்கம் நகர்ந்திருந்தது. தம்பி தாளின் ஓரத்தில் பென்சிலால் அம்புக்குறியை நேரிலிருந்து மறைக்கு வரைந்துவிட்டு, அதன் கீழே "ஊதா எதிர்ப்பக்கம் போகிறது, ஆகவே அதன் ஏற்றம் மறை" என்று எழுதினான். பொற்றாசியம் அயன் அம்பின் பக்கமே போயிருக்கும், அதற்கு நிறமில்லாததால் நமக்குத் தெரியவில்லை என்றும் அவனாகவே சொன்னான். அவன் சொன்னது சரிதானே, ஐயா?

பழைய கரும்பலகை (பண்டாரவளை):

சரி. முழுப் புள்ளி. அந்தத் தாளைக் காயவைத்து அவனுடைய கொப்பியில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். ஊதா சில நாட்களில் பழுப்பாக மாறிவிடும், பென்சில் அம்பு இருக்கும்.